இந்தக் கண்ணாடி எந்த வீட்டுச் சீதனம்? குழந்தைகளின் கிட்டப்பார்வையும் மரபணுவும்

கண் பரிசோதனை அறையில் மாதத்துக்கு இரண்டு முறையாவது இந்த வழக்கு நடக்கும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு மைனஸ் ஒன்றேகால் வந்திருக்கிறது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பாட்டி ஆரம்பித்துவிடுவார். "எங்க வம்சத்துல யாரும் கண்ணாடி போட்டதில்லம்மா. எனக்கு அறுபத்தாறு வயசு, இன்னும் ஊசியில நானே நூல் கோக்குறேன்." மருமகள் தன் கண்ணாடியை மூக்கின் மேல் தள்ளிவிட்டுக்கொண்டு, "அப்ப என்னாலதான் வந்ததுன்னு சொல்றீங்களா அத்தை?" என்பார். அப்பா கைபேசியைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்.

நான் ஆப்டோமெட்ரிஸ்ட், அதாவது கண் பவரை அளந்து கண்ணாடி எழுதிக் கொடுப்பது என் வேலை. தீர்ப்புச் சொல்வது இல்லை. ஆனாலும் இந்தக் கேள்வி நல்ல கேள்வி. குழந்தைக்கு வரும் கிட்டப்பார்வையில் பரம்பரைக்கு எவ்வளவு பங்கு? பரம்பரை என்றால் சிகிச்சைக்கு வேலையே இல்லையா? பாட்டியின் ஊசி நூலையும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில், கிட்டப்பார்வை என்பது கண் "பலவீனமாவது" இல்லை. கண் தேவைக்கு மேல் நீளமாக வளர்ந்துவிடுவது. பிறந்த குழந்தையின் கண்ணை முன்னிருந்து பின்னாக அளந்தால் ஏறக்குறைய 17 மில்லிமீட்டர் இருக்கும். பெரியவர்களுக்கு சுமார் 24. கருவிழியும் உள்ளே இருக்கும் லென்ஸும் வெளிச்சத்தைக் குவித்து, பின்சுவரில் ஒட்டியிருக்கும் விழித்திரையில் விழவைக்க வேண்டும். சுவர் தேவைக்கு மேல் பின்னால் போய்விட்டால் பிம்பம் அதற்கு முன்னாலேயே குவிந்து, சுவரை அடையும்போது கலங்கிவிடும். கூடுதலாக ஒரு மில்லிமீட்டர் நீண்டால் ஏறக்குறைய இரண்டரை பவர். ஏடிஎம் கார்டின் தடிமனை விடச் சற்று அதிகம், அவ்வளவுதான். அதற்கே பிள்ளைக்குக் கரும்பலகை தெரியாமல் போகிறது.

சீட்டில் எழுதிக் கொடுக்கும் பவரைத் தூரமாக மாற்றிப் பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. நூறை அந்த எண்ணால் வகுங்கள். மைனஸ் 2 என்றால் 50 சென்டிமீட்டர். அதாவது கண்ணாடி இல்லாமல் அந்தப் பிள்ளைக்கு உலகம் அரை மீட்டர் வரைதான் தெளிவு, அதற்கு அப்பால் எல்லாம் மங்கல். மைனஸ் 4 என்றால் 25 சென்டிமீட்டர், ஒரு சாண் தூரத்துக்குக் கொஞ்சம் மேல். இந்தக் கணக்கைச் சொன்னதும் பல அம்மாக்கள் அமைதியாகிவிடுவார்கள். "சும்மா டிவிகிட்ட போய் நிக்கிறான்னு அடிச்சிருக்கேங்க" என்று ஒருவர் அழுதே விட்டார்.

நீண்ட கண் திரும்பச் சுருங்காது. வளர்ந்த பிள்ளையைக் குட்டையாக்க முடியாதல்லவா, அது மாதிரி. பதினெட்டு வயதுக்கு மேல் செய்யும் லேசிக் கூட முன்பக்கக் கருவிழியைச் செதுக்கிக் கண்ணாடியை எடுத்துவிடும். கண்ணின் நீளம் அப்படியே இருக்கும். நீளம்தான் பின்னால் தொல்லை தருவது. மைனஸ் 6, அதற்கு மேல் போனவர்களுக்கு விழித்திரை இழுபட்டு மெலிகிறது. அது கிழிவது, கழன்று விழுவது, நடுப்பார்வை கெடுவது, கண் நீர் அழுத்த நோய் வருவது எல்லாவற்றுக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஆகவே குழந்தைகளிடம் நாங்கள் செய்யும் சிகிச்சை முழுவதும் ஒரே ஒரு காரியத்துக்குத்தான்: வளர்ச்சியின் வேகத்தைக் குறைப்பது.

அப்படியானால் கண்ணுக்கு "போதும், நிறுத்து" என்று சொல்வது யார்? மரபணுக் கதை உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது.

இதற்குப் பதில் கொடுத்தது கோழிக்குஞ்சுகள். குஞ்சுகளின் கண்ணுக்கு முன்னால் மைனஸ் லென்ஸ் ஒட்டிவிட்டால், சில நாட்களிலேயே அந்தக் கண் நீளமாக வளர்ந்து லென்ஸுக்கு ஈடுகொடுத்துவிடும். பிளஸ் லென்ஸ் ஒட்டினால் வளர்ச்சி மட்டுப்படும். மூளைதான் உத்தரவு போடுகிறதோ என்று பார்வை நரம்பை வெட்டிப் பார்த்தார்கள். அப்போதும் கண் நீண்டது. பார்வைப் பரப்பில் பாதியை மட்டும் மறைத்துப் பார்த்தார்கள். கண்ணின் அந்தப் பாதி மட்டும் நீண்டது! உத்தரவு கண்ணுக்குள்ளிருந்தே, விழித்திரையிலிருந்தே கிளம்புகிறது என்று அப்போதுதான் புரிந்தது. தன் மேல் விழும் பிம்பம் எங்கே குவிகிறது, வெளிச்சம் எவ்வளவு என்று பார்த்து, பின்சுவருக்கு "வளர்", "நில்" என்று விழித்திரை செய்தி அனுப்புகிறது.

இந்தச் செய்தித் தொடர்பைக் கட்டிக்கொடுப்பவை மரபணுக்கள். பரம்பரை என்றதும் நாம் நினைப்பது கண்ணாடி ஒரு பொட்டலமாகக் கைமாறுவதை. அப்படி ஒரு "கிட்டப்பார்வை மரபணு" கிடையாது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மரபணுத் தகவலை ஒப்பிட்டு 2020-ல் வெளிவந்த ஆய்வு, கண் பவரோடு தொடர்புடைய 449 இடங்களைக் குறித்தது. அத்தனையையும் சேர்த்தாலும் பரம்பரைப் பங்கில் ஐந்தில் ஒன்று கூட முழுசாக விளங்கவில்லை. ஒவ்வொன்றும் செய்வது துளி வேலை. நிறைய இடங்கள் விழித்திரைச் செல்கள் வெளிச்சத்தைக் கையாளும் விதத்தோடு சம்பந்தப்பட்டவை. முதலில் பிடிபட்டவற்றில் ஒன்றான ஜிஜேடி2, விழித்திரைச் செல்களுக்கு இடையே சமிக்ஞை தாவிச் செல்லும் வாசல்களைக் கட்டும் மரபணு.

அதாவது அம்மா அப்பாவிடமிருந்து குழந்தைக்கு வருவது மைனஸ் இரண்டோ மூன்றோ அல்ல. வெளிச்சத்தைப் படித்து வளர்ச்சியை நிறுத்தும் ஏற்பாடு வருகிறது. சிலருக்கு அது மந்தமாக இருக்கிறது, சிலருக்குச் சுறுசுறுப்பாக இருக்கிறது. அந்த ஏற்பாடு படிக்க வேண்டிய வெளிச்சம் வெளியிலிருந்துதான் வர வேண்டும்.

"இரட்டையர் ஆய்வுகளில் எண்பது சதவீதத்துக்கு மேல் பரம்பரை என்று போட்டிருக்கிறதே" என்று இணையத்தில் படித்துவிட்டு வருபவர்கள் உண்டு. எண் சரி. அதற்கு அர்த்தம் எடுப்பதில்தான் கோளாறு. ஒரே மூட்டை விதைநெல்லைப் பிரித்து இரண்டு வயல்களில் விதைக்கிறீர்கள். ஒன்று ஏரிப் பாசனம், மற்றது வானம் பார்த்த பூமி. ஏரி வயலுக்குள் எல்லா நாற்றுக்கும் ஒரே தண்ணீர், ஒரே உரம். அங்கே ஒரு பயிர் உயரம், ஒரு பயிர் குட்டை என்றால் விதைதான் காரணம். நூறு சதவீதம் பரம்பரை என்றே சொல்லலாம். ஆனால் ஏரி வயலின் பயிர் மொத்தமும் மானாவாரிப் பயிரை விட உயரமாக நிற்பதற்கு விதை காரணம் இல்லை, தண்ணீர். இரட்டையர் ஆய்வு சொல்வது ஒரே வயலுக்குள் நடக்கும் கதை. எல்லாரும் ஒரே மாதிரிப் பள்ளிக்குப் போய், ஒரே மாதிரி வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் ஊரில், யாருக்குப் பவர் ஏறுகிறது என்பதை மரபு முடிவு செய்யும். ஊர் மொத்தத்துக்கும் ஏன் ஏறுகிறது என்பதை அந்த எண் சொல்லாது.

இரண்டு வயலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். சீன வம்சாவளியைச் சேர்ந்த ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள். ஒரு கூட்டம் சிட்னியில், இன்னொரு கூட்டம் சிங்கப்பூரில். பெற்றோரில் ஒருவருக்காவது கிட்டப்பார்வை இருந்த குழந்தைகள் சிட்னியில் 68 சதவீதம், சிங்கப்பூரில் 71 சதவீதம். விதை ஏறக்குறைய ஒன்று. ஆனால் கிட்டப்பார்வை வந்திருந்த குழந்தைகள் சிட்னியில் 3.3 சதவீதம், சிங்கப்பூரில் 29.1 சதவீதம். சிட்னிப் பிள்ளைகள் படிக்காமல் இருந்தார்களா என்றால், இல்லை, வாரத்துக்கு அவர்கள்தான் அதிகப் புத்தகம் படித்தார்கள். பெரிதாக வேறுபட்டது ஒன்றுதான்: அவர்கள் வாரத்துக்கு பதின்மூன்றே முக்கால் மணி நேரம் வெளியில் இருந்தார்கள், சிங்கப்பூர்ப் பிள்ளைகள் மூன்று மணி நேரம். 2008-ல் வந்த கட்டுரை அது.

நம்மவர்கள் கதையும் அதே சிங்கப்பூரில் இருக்கிறது. தொண்ணூறுகளின் கடைசியில் தேசிய சேவைக்கு, அதாவது கட்டாய ராணுவப் பணிக்கு, சேர்ந்த இளைஞர்களைப் பரிசோதித்தபோது, இந்திய வம்சாவளியினரில் சுமார் 69 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை. சிங்கப்பூர் இந்தியர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். தஞ்சாவூரிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் கப்பலேறிப் போனவர்களின் பேரன்களுக்கு, ஊரில் தங்கிவிட்டவர்களிடமிருந்து வேறுபட்ட மரபணு முளைத்திருக்க வழியில்லை. அலாஸ்காவின் வடகோடியில் இனுயிட் மக்களிடம் 1960-களின் கடைசியில் பார்த்தது இன்னும் பளிச்சென்று இருக்கும். தனிமைப்பட்ட வாழ்க்கையில் வளர்ந்த 131 பெரியவர்களில் இரண்டே பேருக்குத்தான் கிட்டப்பார்வை. பள்ளிக்கூடம் வந்த பிறகு பிறந்த அவர்கள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகளில் பாதிக்கு மேல். ஒரு தலைமுறையில் மரபணு மாறாது.

இப்போது பாட்டி. அறுபத்தாறு வயதில் கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோர்க்க முடிகிறது என்றால் எனக்கு உடனே ஒரு சந்தேகம் வரும். நாற்பதுக்கு மேல் எல்லாருக்கும் கிட்டத்தில் பார்க்கும் சக்தி குறையும். அது குறையாத மாதிரித் தோன்றுகிறவர்கள் பெரும்பாலும் கொஞ்சம் மைனஸ் உள்ளவர்கள். அவர்களுக்குக் கிட்டத் தூரம் இயல்பாகவே தெளிவு. சிலருக்குக் கண்புரை தொடங்கும்போதும் அப்படி ஆகும். அந்தப் பாட்டியை நாற்காலியில் உட்காரவைத்துப் பார்த்தேன். புரை அவ்வளவு இல்லை. இரண்டு கண்ணிலும் மைனஸ் ஒன்றரை. "எத்தனை வயசுல இருந்து பஸ் போர்டு படிக்க முடியல பாட்டி?" என்றேன். "நமக்கு எதுக்கும்மா போர்டு, கண்டக்டர் சொல்லிட்டு வருவான்ல" என்றார். மருமகள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துச் சிரித்தது எனக்குத் தெரியும்.

பெற்றோர் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. படிப்பாளி அம்மா அப்பா குழந்தைக்கு மரபணுவை மட்டும் தருவதில்லை. டியூஷன், அபாகஸ், புத்தக அலமாரி, "வெயில்ல போகாத, கறுத்துடுவ" என்ற அதட்டல், எல்லாம் சேர்த்துத்தான் தருகிறார்கள். ஒவ்வொரு ஆண்டுக் கல்வியும் பவரைக் கால் டயாப்டர் (பவரின் அலகு) அளவுக்கு மைனஸ் பக்கம் நகர்த்துகிறது என்று பிரிட்டனில் 2018-ல் கணக்கிட்டார்கள். குடும்பத்தில் ஓடுவதெல்லாம் ரத்தத்தில் ஓடுவதாக எடுத்துக்கொள்ள முடியாது.

அப்படியானால் வீட்டு வரலாற்றை எதற்குக் கேட்கிறோம்? எப்போது பரிசோதனையைத் தொடங்குவது, எவ்வளவு அடிக்கடி வரச் சொல்வது என்று முடிவு செய்ய. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் வாய்ப்பு கூடுகிறது, இருவருக்கும் இருந்தால் இன்னும் கூடுகிறது. கலிஃபோர்னியாவில் பார்த்தபோது, இருவருக்கும் கிட்டப்பார்வை உள்ள, வெளியே போகாத குழந்தைகளுக்கு அது வரும் வாய்ப்பு பத்தில் ஆறு. அதே மாதிரிப் பெற்றோருக்குப் பிறந்து வெளியே நிறைய விளையாடிய குழந்தைகளுக்குப் பத்தில் இரண்டு. பரம்பரையை வைத்துக்கொண்டே மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது.

அதைவிட நல்ல அடையாளம் ஒன்று குழந்தையின் கண்ணிலேயே இருக்கிறது. சின்னக் குழந்தைகளுக்குக் கண் குட்டையாக இருப்பதால் கொஞ்சம் பிளஸ் பவர் இருக்கும். கையிருப்புப் பணம் மாதிரி அது. வளர வளரச் செலவாகும். ஆறு வயதில் பிளஸ் முக்கால் கூட மிச்சமில்லாத குழந்தைக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு அதிகம். அமெரிக்காவில் 4,500-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2015-ல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோருக்கு இருக்கிறதா என்பதை விட இந்த எண்தான் நன்றாக முன்கூட்டிச் சொன்னது. இதை அளக்க, சொட்டு மருந்து விட்டுக் கண்ணின் குவிக்கும் தசையைத் தளரவைக்க வேண்டும். இல்லாவிட்டால் குழந்தை தம் கட்டிப் பார்த்துப் பொய் எண் காட்டும். சொட்டு எரியும், அரை மணிக்கு மேல் உட்கார வேண்டும், அன்றைக்கு எழுத்து மங்கலாகத் தெரியும். "சொட்டு வேணாம், கம்ப்யூட்டர்லயே பாத்துடுங்க" என்பவர்களிடம் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

மரபணுப் பரிசோதனை எடுக்கலாமா என்று இப்போதெல்லாம் கேட்கிறார்கள். சாதாரணப் பள்ளிக்கூடக் கிட்டப்பார்வைக்கு அது வீண் செலவு. மேலே சொன்ன சொட்டு அளவே அதிகம் சொல்லும். ஆனால் பள்ளி சேருமுன்பே, மூன்று நான்கு வயதில், மைனஸ் ஐந்து ஆறு என்று வந்து நிற்கும் குழந்தை வேறு கதை. அங்கே ஒற்றை மரபணுக் கோளாறு இருக்கலாம். கைகால் விரல்கள் மிக நீளம், லென்ஸ் இடம் நழுவியது என்றால் மார்ஃபான் என்ற பரம்பரை நோய். அண்ணப் பிளவு, காது மந்தம், மூட்டுத் தளர்வு சேர்ந்தால் ஸ்டிக்லர் என்ற இன்னொன்று. இரவில் தடுமாறினால் விழித்திரைக் குறைபாடு. இவர்களுக்கு மரபணுப் பரிசோதனை அவசியம். மார்ஃபானில் இதயத்திலிருந்து கிளம்பும் பெருநாளத்தையும் பார்க்க வேண்டியிருக்கும். கண்ணாடிக்காக வந்த இடத்தில் உயிர் பிழைத்தவர்கள் உண்டு.

சரி, சிகிச்சை. மரபணுவை யாரும் தொடப்போவதில்லை. விழித்திரை அனுப்பும் அந்த "வளர்" செய்தியை மட்டுப்படுத்துவதுதான் எல்லா வழிகளும்.

கண்ணாடி வருமுன்பே செய்யக்கூடியது வெயில் வெளிச்சம். நல்ல விளக்கு போட்ட அறையில் சில நூறு லக்ஸ்தான் வெளிச்சம். மரநிழலில் கூடச் சில ஆயிரம் இருக்கும், திறந்த வெயிலில் லட்சத்தைத் தொடும். பிரகாசமான வெளிச்சம் விழித்திரையில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கவைக்கிறது, அது வளர்ச்சிக்குக் கடிவாளம் என்பதுதான் இப்போதைக்கு வலுவான விளக்கம். சீனாவின் குவாங்சோவில் பள்ளிகளில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டுப் பார்த்தார்கள். மூன்று ஆண்டில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 39.5 சதவீதத்திலிருந்து 30.4 ஆகக் குறைந்தார்கள். தைவானில் நாளைக்கு இரண்டு மணி நேரம் என்று பள்ளித் திட்டமாகவே வைத்திருக்கிறார்கள். ஓடியாடத்தான் வேண்டும் என்றில்லை, மாமரத்தடியில் உட்கார்ந்து கதை பேசினாலும் கணக்கில் சேரும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: வராமல் தடுப்பதில் வெயிலுக்கு இருக்கும் பலம், வந்த பிறகு வேகத்தைக் குறைப்பதில் அவ்வளவு இல்லை.

வந்த பிறகு முதலில் செய்ய வேண்டியது முழுப் பவர் கண்ணாடி. "பவர் குறைச்சுக் கொடுங்க, கண்ணு பழகிடும்" என்பார்கள். மலேசியாவில் வேண்டுமென்றே குறைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்குத்தான் வேகமாக ஏறியது. கேரட்டும் பொன்னாங்கண்ணியும் சாப்பிடட்டும், மாலைக்கண்ணுக்கு நல்லது. கண் நீளத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

சாதாரணக் கண்ணாடி பார்வையைத் தெளிவாக்கும், வளர்ச்சியை நிறுத்தாது. அதற்கென்று தனி லென்ஸ்கள் வந்துவிட்டன. நடுவில் வழக்கமான பவர், சுற்றிலும் தேன்கூடு மாதிரி நூற்றுக்கணக்கான குட்டிக் குட்டி பிளஸ் லென்ஸ்கள். அவை ஓரத்து வெளிச்சத்தை விழித்திரைக்கு முன்னால் குவிக்கின்றன. கோழிக்குஞ்சுக்கு பிளஸ் லென்ஸ் ஒட்டிய அதே தந்திரம். ஹாங்காங்கில் 8 முதல் 13 வயதுக் குழந்தைகளுக்கு இரண்டு ஆண்டு கொடுத்துப் பார்த்ததில் பவர் ஏறுவது பாதிக்கு மேல் குறைந்தது. விலை சாதாரணக் கண்ணாடியைப் போலப் பல மடங்கு. பவர் மாறினால் மறுபடி வாங்க வேண்டும். நடுத்தரக் குடும்பத்துக்கு அது சின்ன விஷயமில்லை. பகலில் போடும் இதே வகை மென் கான்டாக்ட் லென்ஸுக்கு அமெரிக்க மருந்து நிர்வாகம் 2019-ல் அனுமதி கொடுத்தது. இரவில் போட்டுத் தூங்கிக் காலையில் கழற்றும் ஆர்த்தோ-கே லென்ஸும் உண்டு. கைகழுவும் பழக்கம் இல்லாத பிள்ளைக்கும், லென்ஸைக் குழாய்த் தண்ணீரில் அலசும் வீட்டுக்கும் அது வேண்டாம், கருவிழியில் கிருமி பிடித்தால் பார்வையே போய்விடும்.

அடுத்தது அட்ரோபின் சொட்டு. நம் வேலியோர ஊமத்தையிலும் இருக்கும் சரக்குதான் (சோதனை செய்துவிடாதீர்கள், விஷம்). 1 சதவீத மருந்து நன்றாக வேலை செய்தது, ஆனால் வெளிச்சத்தில் கண் கூசியது, கிட்டத்தில் படிக்க முடியவில்லை, நிறுத்தியதும் பவர் பாய்ந்து ஏறியது. அதனால் இப்போது மிகக் குறைந்த அளவு. ஹாங்காங்கில் ஓராண்டு ஒப்பிட்டபோது 0.05 சதவீதம் பவர் ஏற்றத்தை 67 சதவீதம் குறைத்தது, 0.01 வெறும் 27 சதவீதம். 2023-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 0.01-க்கும் மருந்தில்லாத வெறும் சொட்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. ஆகவே "சொட்டு விடுறோம்" என்று நிம்மதியாக இருக்கக் கூடாது. எந்த அளவு, எத்தனை மாதத்தில் மறுபடி அளப்பது என்று கண் மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பரம்பரை இங்கேயும் தலைகாட்டுகிறது. சிங்கப்பூரின் முதல் பெரிய அட்ரோபின் ஆய்வில், மருந்து விட்டும் வேகம் குறையாத ஒரு சிறு கூட்டம் இருந்தது. அவர்கள் வயதில் சிறியவர்கள், தொடக்கத்திலேயே பவர் அதிகம், தாய் தந்தை இருவருக்கும் கிட்டப்பார்வை இருக்கும் போக்கும் அதிகம். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கு நாங்கள் ஆண்டுக்கு ஒருமுறை என்று விடுவதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்வோம், பவரோடு கண் நீளத்தையும் அளப்போம். ஏழு வயதில் தொடங்கிய கிட்டப்பார்வைக்குப் பதினாலு வயதில் தொடங்கியதை விட ஓட ஏழு ஆண்டு கூடுதலாக இருக்கிறது.

அன்றைக்கு அந்தக் குடும்பம் கிளம்பும்போது நான் கேட்டது மருமகளின் கால்களைக் கட்டிக்கொண்டு நின்ற சின்னவனைப் பற்றி. ஆறு வயது. "இவனுக்கென்ன, ராஜா மாதிரி எல்லாம் தெரியுது, ஆகாசத்துல போற ஏரோப்ளேன் கம்பெனி பேரு சொல்லுவான்" என்றார் பாட்டி. அடுத்த சனிக்கிழமை கூட்டி வந்தார்கள். ஆறுக்கு ஆறு படித்தான், ஒரு எழுத்தும் தப்பவில்லை. சொட்டு விட்டுப் பார்த்தேன். பிளஸ் கால். இருக்க வேண்டியதில் பெரும்பகுதி இப்போதே செலவாகியிருந்தது. சீட்டில் கண்ணாடி எதுவும் எழுதவில்லை. சாயங்காலம் நாலரையிலிருந்து ஆறு வரை வைத்திருந்த அபாகஸ் வகுப்பை இரவு ஏழுக்கு மாற்ற முடியுமா என்று அப்பாவிடம் கேட்டேன், ஆறு மாதம் கழித்து ஒரு தேதி போட்டுக் கொடுத்தேன்.